மூன்றாவது சிலிண்டரில் சத்தம்

நவம்பர் 4, திங்கள்

அறுபத்து மூன்று வயதில் ஒருத்தி அம்பாசடர் ஓட்டிக்கொண்டு போனால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறான். நன்றாகப் பார்க்கட்டும். பார்ப்பதற்கு நான் வரி போடவில்லை.

நேற்று தனபாக்கியத்தை ஏற்றிக்கொண்டு ஆனைமலை போய் வந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி, வயதில் எனக்கு இளையவள். அவளுடைய அண்ணன் வீட்டில் விசேஷம். திரும்பும்போது, வாசலில் கட்டியிருந்த வாழைமரம் இரண்டையும் மாட்டுக்கு ஆகும் என்று வெட்டிப் பின்சீட்டில் திணித்துவிட்டாள். பின்கண்ணாடி முழுக்க இலைதான். வண்டி என்னவோ வெண்ணெய் போல ஓடியது. தனபாக்கியம்தான் நிம்மதியாக உட்காரவில்லை. பின்னால் திரும்பிப் பார்ப்பதும், கையை ஆட்டுவதும், ஏதோ முணுமுணுப்பதுமாக வந்தாள். ரோட்டில் கண் வைத்து ஓட்டுகிறவளிடம் இப்படியா பேசுவது? கடைசியில் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இவளுக்குத்தான் ஏதோ செய்கிறது என்று பயந்து ஓரம் கட்டினேன். வெள்ளை வண்டி ஒன்று உரசுவது போலக் கடந்து போனது. அதன் டிரைவர் என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டித் திட்டினான். என்ன வண்டி என்று நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 6, புதன்

குக்கர் விசில் கெட்டுவிட்டது. பருப்பு அடிப்பிடித்துப் பாத்திரமே கரி. நாளைக்குப் புது விசில் வாங்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

நவநீதன் மனைவியோடு வந்திருக்கிறான். என் ஒரே மகன். கோயமுத்தூரில் மூன்றாவது மாடியில் வீடு, மனைவி சுகிர்தா, லிஃப்ட், பால்கனியில் துளசித் தொட்டி. மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவான். போன வாரம்தானே வந்தான், இப்போது என்ன அவசரம் என்று கேட்டேன். சும்மா வந்தேன் என்றான். அவன் சும்மா வந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் பொள்ளாச்சிக்குப் போய்த் தவிடு வாங்கி வரலாம் என்று வண்டியை எடுத்தேன். அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். கேட்டைத் தாண்டவில்லை, முகத்தைச் சுளித்தான்.

"அம்மா, இன்ஜின்ல டொக்கு டொக்குனு அடிக்குதுங்க. உங்களுக்குக் கேக்குலீங்களா?"

கண்ணாடி இறக்கியிருக்கிறது, காற்று வேறு, அப்புறம் பார்க்கலாம் என்றேன். கவனித்துப் பாருங்கள், பலமாக அடிக்கிறது, இப்படியே ஓட்டினால் ராடு உடைந்து நடுரோட்டில் நின்றுவிடும் என்று போகிற வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. இவன் பேங்கில் வேலை செய்கிறவன். ராடு என்பது எது, எங்கே இருக்கிறது என்று நான் கேட்டால் ஜன்னல் கம்பியைக் காட்டுவான்.

பொள்ளாச்சி மார்க்கெட் ரோட்டில் இருபத்தாறு வருஷம் டீசல் இன்ஜின், பம்புசெட் ஸ்பேர் கடை வைத்திருந்தவள் நான். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவருக்குத் தென்னைதான் தெரியும்; கடை என்னுடையது. தேய்ந்துபோன பேரிங்கை, ஓட்டை விழுந்த பிஸ்டனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து "இதே மாதிரி ஒண்ணு குடுங்க்கா" என்று நிற்பார்கள். செத்துப்போன பாகத்தைப் பார்த்தே அது எப்படிச் செத்தது என்று சொல்லுவேன். எண்ணெய் இல்லாமல் செத்ததா, மண் புகுந்து செத்ததா, முதலாளியின் கஞ்சத்தனத்தால் செத்ததா என்பது வரை தெரியும். என் வண்டிக்குச் சத்தம் வந்தால் எனக்குத் தெரியாதா?

நவம்பர் 10, ஞாயிறு

விஷயம் வெளியே வந்துவிட்டது. காரை விற்க வேண்டுமாம். கல்யாணத்துக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிற ஒருவன் கோயமுத்தூரில் இருக்கிறானாம், கேட்கிறானாம். வரும் சனிக்கிழமை பார்க்க வருவானாம். இன்ஜின் போன வண்டியை எந்தக் கிறுக்கன் வாங்குவான் என்றேன். ஜோடனைக்குத்தான் வாங்குகிறான், இன்ஜினை மாற்றிக்கொள்வான் என்று பதில் தயாராக வைத்திருந்தான்.

கார் போனால் நான் என்ன செய்வது? தோட்டத்திலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்த மண்தடத்தில் முழங்கால் வரை சேறு. மருந்து, மளிகை, தவிடு, பேங்க் எல்லாம் அந்த வண்டியில்தான். கார் இல்லாமல் இங்கே தனியாக இருக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் அடுத்த வாக்கியமாக, கிழக்குப் பார்த்த ரூம் ஒன்று காலியாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தான். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கா நான் உயிரோடு இருக்கிறேன்? முடியாது என்றேன். அவன் போனை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். அவன் பேசாமல் இருந்தால் அது இன்னும் ஆபத்து.

போகும் முன் ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். நவநீதன்: டொக்கு டொக்கு. சுகிர்தா: கடகடவென்று, ஆணி டப்பாவைக் குலுக்குவது போல. வேலியோரம் நின்ற தனபாக்கியத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் உறுமுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது என்றாள். மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் அவள் சொன்னது புரிந்தது. எல்லோரும் இப்படித் தொண்டைக்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள்.

இரவு சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். சூடானாலும் டொக்கு டொக்கு என்றால் பேரிங். ஆணி டப்பா என்றால் மேலே வால்வைத் தட்டுகிற டேப்பட், அல்லது கலப்பட பெட்ரோல். குளிரில் மட்டும் என்றால் பிஸ்டன் தேய்மானம். ஒரே இன்ஜினுக்கு ஒரே நாளில் மூன்று வியாதியா? வரலாம்; வராது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சாட்சி சொன்ன சத்தத்தை இன்னொரு சாட்சி சொல்லவில்லையே.

நவம்பர் 11, திங்கள்

புது விசிலும் சரியில்லை. எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள் இந்தக் காலத்தில்.

நவம்பர் 13, புதன்

மெக்கானிக் குழந்தைவேலுவை வரச் சொன்னேன். என் கடையில் ஸ்பேர் வாங்கியே தொழிலில் பெரிய ஆளானவன். அக்கா அக்கா என்று உயிரை விடுவான். நவநீதன் ஏற்கெனவே போனில் பேசிவிட்டானாம். வந்ததும் பானட்டைத் தூக்கினான், ஆக்சிலேட்டரை இரண்டு இழுப்பு இழுத்தான், தலையைச் சாய்த்துக்கொண்டு சாவு வீட்டுக்கு வந்தவன் போல நின்றான்.

"மூணாவது சிலிண்டருங்க்கா. பிக் எண்டு பேரிங் போயிருச்சுங்க. இனி ஓட்டாதீங்கொ."

ராடின் அடியில் இருக்கிற அந்தப் பேரிங் போனால் ஆயில் பிரஷர் முள் படுத்திருக்க வேண்டும். முள் எப்போதும் போல நிமிர்ந்து நிற்கிறது. அதைக் காட்டினேன். மீட்டர் பழசு, பொய் சொல்லும் என்றான். சரி, பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்த்துவிடலாம் என்றேன். ஒரு சிலிண்டரின் ஒயரைப் பிடுங்கினால் அதில் வெடிப்பு நின்றுவிடும். பிஸ்டனைத் தள்ளுகிற வேகம் இல்லாததால் அங்கே பேரிங் தேய்ந்திருந்தாலும் தட்டல் அடங்கும். எந்த ஒயரைப் பிடுங்கும்போது சத்தம் குறைகிறதோ, அங்கேதான் நோய். கடைக்கு வந்த சின்னப் பையன்களுக்குக்கூட இது தெரியும்.

நானே ஒயரைப் பிடுங்குவேன், நீ கேட்டுச் சொல், என் முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். அவனுக்குத் தரையைப் பார்த்துப் பேசும் கெட்ட பழக்கம் எப்போது வந்ததோ தெரியவில்லை. ஒன்றாவது ஒயர்: குறையவில்லை என்றான். இரண்டாவது: குறையவில்லை. மூன்றாவது: குறையவில்லை. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் ஒன்றும் தெரியாதவள் போல நான்காவதையும் பிடுங்கி மாட்டினேன். பிறகு திரும்ப மூன்றாவதைப் பிடுங்கி, இப்போது எப்படி என்றேன்.

"இப்பக் கொறஞ்சிருச்சுங்க்கா. நல்லாவே கொறஞ்சிருச்சு."

ஒரே ஒயர், ஒரே கை, இரண்டு பதில். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பானட்டை மூடி, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

சத்தமே வரவில்லையடா என்று நான் அவன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

காலையில் மாட்டைக் கறந்துவிட்டு, வண்டிக்கு அடியில் புகுந்து, இன்ஜின் எண்ணெய் நிற்கிற சம்பின் நட்டைத் திருகிக் கொஞ்சம் எண்ணெயைப் பழைய அலுமினியத் தட்டில் பிடித்தேன். படுத்துக்கொண்டு நட்டைத் திருகியது இடுப்புக்குச் சேதி சொல்லிவிட்டது. தட்டை வெயிலில் வைத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். பேரிங் தின்றுகொண்டிருந்தால் எண்ணெயில் ஜரிகைத் தூள் போல மினுக்கம் தெரியும். ஒரு மினுக்கமும் இல்லை. கறுப்பாக, வழவழப்பாக, யோக்கியமாக இருந்தது.

தனபாக்கியம் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். முன்பெல்லாம் இவள் விடிந்ததும் வந்தால் பொழுது சாயத்தான் போவாள். ஆனைமலை போய் வந்ததிலிருந்து ஏன் இப்படி இருக்கிறாள் என்று தெரியவில்லை. கோபம் என்றால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

நவம்பர் 16, சனி

கார் வாங்குகிறவன் வந்தான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் புலிநகம். நவநீதனுக்கு ஆபீஸில் ஏதோ வேலை, வர முடியவில்லை. நல்லதுதான். இந்த ஆளுக்கு இவர்கள் பேசி வைத்தது எதுவும் தெரியாது என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. சாவியைக் கேட்டான். கொடுத்தேன். ஸ்டார்ட் செய்தான். இறங்கி வந்து பானட்டைத் தூக்கினான், குனிந்து கேட்டான், ஒரு சுற்றுச் சுற்றி வந்து சைலன்சருக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான்.

தட்டுகிற இன்ஜினுக்கு எவனாவது கட்டை விரலைத் தூக்குவானா? எனக்கா காது குத்துகிறார்கள்?

வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். உங்கள் மகன் சொன்னாரே என்றான். என் மகன் அவனுடைய ஸ்கூட்டரை விற்கட்டும், அது அவன் பேரில்தான் இருக்கிறது என்றேன். இளநீர் வெட்டிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று யாரும் இல்லை. முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கடையிலிருந்து எடுத்து வந்த நீள ஸ்குரூடிரைவரைத் தேடிப் பிடித்தேன். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்குரூடிரைவர் முனையை இன்ஜின் உடம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தினேன். டாக்டர் குழாய் வைப்பது போலத்தான். எல்லா மெக்கானிக்கும் செய்வது.

காதில் வைத்ததில் பிரயோஜனம் இல்லை. வலது காதிலும் வைத்துப் பார்த்தேன், இடது காதிலும் வைத்துப் பார்த்தேன்.

பிறகு கைப்பிடியைப் பல்லில் கடித்தேன். மில்லில் வேலை செய்த ஃபிட்டர் ஒருவர் அப்படிச் செய்வார். தறி இரைச்சலில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, பல்லில் கடித்தால் மண்டைக்குள்ளேயே கேட்கும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்.

கேட்டது. மண்டை முழுக்க இன்ஜின். நாலு பிஸ்டனும் ஏறி இறங்குவது, செயின் சுற்றுவது, மேலே வால்வு தட்டித் தட்டி மூடுவது, எல்லாம் தனித்தனியாக. முதல் சிலிண்டரில் வைத்தேன், மூன்றாவதில் வைத்தேன், திரும்ப முதலுக்கு வந்தேன். எங்கேயும் தட்டல் இல்லை. இருந்தாலும் நான் கடிப்பதை விடவில்லை. இன்ஜின் சூடாகி ரேடியேட்டர் கொதிக்கத் தொடங்கும் வரை அப்படியே குனிந்து நின்றேன். இந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. புகை பட்டிருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

விடிந்ததும் குழந்தைவேலுவின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். நேராகக் குழியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். சம்பைக் கழற்று என்றேன். எதற்கு என்றான். மூன்றாவது பேரிங் போய்விட்டது என்று சொன்னாயே, போன பேரிங்கை என் கையில் கொடு, பார்த்துவிட்டு நானே வண்டியை எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன். இன்று ஆள் இல்லை என்றான், கேஸ்கெட் இல்லை என்றான், கரண்ட் இல்லை என்றான். ஸ்டூலைப் போட்டுக் குழியோரம் உட்கார்ந்துகொண்டேன். வேறு வண்டி உள்ளே வர முடியாதபடி என் வண்டி நின்றது.

மத்தியானத்துக்கு மேல் கழற்றினான். எண்ணெயை வடித்து, சம்பை இறக்கி, மூன்றாவது ராடின் மூடியைப் பிரித்து, பேரிங்கைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தான். நகத்தால் கீறிப் பார்த்தேன். தேய்ந்த பேரிங் என்றால் சாம்பல் பூச்சு போய் உள்ளே செம்பு தெரியும். இது முழுக்கச் சாம்பல், ஒரே சீராக. இன்னும் பல வருஷம் ஓடும்.

"இது போன பேரிங்கா, குழந்தைவேலு?"

கையைத் துணியில் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு குழியிலிருந்து மேலே ஏறி வந்து, என் முகத்துக்கு நேராக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"தம்பிதானுங்க சொல்லச் சொன்னாரு. ஏன்னு அவருகிட்டயே கேளுங்க்கா. நான் உங்க சோத்தத் தின்னவன், என்னால சொல்ல முடியாதுங்க."

அவன் அவ்வளவு நிதானமாக, வாயை அகலத் திறந்து பேசியதுதான் என்னை என்னவோ செய்தது. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். இவனுக்கும் தெரிந்திருக்கிறது.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்ட வேண்டும், கேஸ்கெட் உன் செலவு என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 19, செவ்வாய்

குழந்தைவேலு எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். மாட்டுக்குத் தவிடு தீர்ந்துவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

நவநீதனும் சுகிர்தாவும் வந்தார்கள். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் தனபாக்கியத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். டிவியை நிறுத்தினேன். மூன்று பேரையும் என் எதிரே, வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காரச் சொன்னேன். என் இன்ஜினைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், அதில் ஒரு கோளாறும் இல்லை, இப்போது உங்களைக் கழற்றுகிறேன் என்றேன்.

நவநீதன் சுகிர்தாவைப் பார்த்தான். சுகிர்தா தனபாக்கியத்தைப் பார்த்தாள். கடைசியில் நவநீதன்தான் பேசினான்.

அன்றைக்கு ஆனைமலை ரோட்டில் எங்கள் பின்னால் வந்தது ஆம்புலன்ஸ். பாலத்திலிருந்து செக்போஸ்ட் வரைக்கும் சைரன் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நான் ரோட்டின் நடுவிலேயே போயிருக்கிறேன். தனபாக்கியம் கத்திப் பார்த்திருக்கிறாள், கையைக் காட்டியிருக்கிறாள், கடைசியில் இழுத்திருக்கிறாள். அன்று ராத்திரியே நவநீதனுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள்.

எனக்குத் தெரியாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"உள்ள ஆருடா இருந்தது?"

"பிரசவத்துக்குப் போன பொண்ணுங்கம்மா. விசாரிச்சுட்டோம். தாயும் கொழந்தையும் நல்லா இருக்காங்க."

அதற்கு மேல் அவர்கள் என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால், இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பேன்?

அதற்கு மேல் வந்தது கோபம். இரண்டு வாரம். இரண்டு வாரம் என்னை வைத்து நாடகம் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்காது என்பதை வைத்தே, இல்லாத சத்தத்தை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். குருடனிடம் செல்லாத நோட்டைக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"இன்ஜின் மேல பழி போட்டீங்க. என் மேல போட்டிருந்தா அன்னிக்கே என்னைக் கழட்டிப் பாத்திருப்பனே. எதுக்குடா என்ற காருக்குப் போயி நோவு கட்டினீங்க?"

"நேராச் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களாம்மா?"

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

தனபாக்கியம் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை விட்டால் எனக்கு இந்தத் தடத்தில் பேச யார் இருக்கிறார்கள், கோயமுத்தூருக்கு உங்களை அனுப்பவா நான் சொன்னேன் என்றாள். அவளுக்கு விற்பனைப் பேச்செல்லாம் தெரியாதாம். அவளையும் திட்டினேன். திட்டி முடித்ததும் அவளுக்குத்தான் முதலில் காப்பி கொடுத்தேன்.

பிறகு என் முடிவைச் சொன்னேன். கார் விற்பனைக்கு இல்லை. கிழக்குப் பார்த்த ரூமில் நீங்களே படுத்துக்கொள்ளுங்கள். காதைச் சரிபார்க்கும் வரை நான் வண்டியைத் தொட மாட்டேன். நவநீதன் நிம்மதியாகச் சாவிக்குக் கையை நீட்டினான். கையை மடக்கடா என்றேன். வண்டியை நிறுத்தியது நான், நீங்கள் இல்லை. சாவி என்னிடம்தான் இருக்கும்.

நவம்பர் 27, புதன்

மண்தடத்தில் நடந்து, பஸ் பிடித்து, பொள்ளாச்சியில் காது டாக்டரிடம் போனேன். தனியாகத்தான் போனேன். சுகிர்தா வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். டாக்டர் சின்னப் பெண். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று கேட்டாள். குக்கர் விசிலிலிருந்து என்றேன். அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, பாவம் அந்த விசில் கம்பெனிக்காரனை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

இரண்டு பல் வைத்த முள்கரண்டி மாதிரி ஒரு இரும்பைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஒன்றும் இல்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினாள். மண்டைக்குள் ரீங்காரம் எழுந்தது. என் ஸ்குரூடிரைவர் செய்த அதே வேலை. நான் பல்லில் கடித்துப் பார்த்ததைச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முழுக் கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

நரம்பு நன்றாக இருக்கிறதாம். உள்ளே இருக்கிற ஒரு சின்ன எலும்பு இறுகிப்போய், ஆட வேண்டியது ஆடாமல் நிற்கிறதாம். ஆபரேஷனும் செய்யலாம், மெஷினும் வைக்கலாம், மெஷின் உங்களுக்கு நன்றாகவே எடுக்கும் என்றாள். இன்ஜின் சரி, ஒரு ஸ்பேர்தான் மக்கர். முதலில் மெஷின் என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மழை வேறு. தடத்தில் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. காரைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அதைப் பார்த்தேன், தொடவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

மெஷின் மாட்டியாயிற்று. உலகம் முழுக்கத் தகர டப்பா. கோழி, மாடு, பாத்திரம், என் செருப்பு, எல்லாமே கத்துகிறது. நவநீதன் போனில் பேசினான். தம்பி, கத்தாதே, கேட்கிறது என்றேன். அழுகிறான் என்று தெரிந்தது. அவன் மூக்கு உறிஞ்சியதுகூடக் கேட்டது.

டாக்டர் சில நாள் பழகச் சொல்லியிருக்கிறாள். பழகுகிறேன். தினமும் ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வருவது பஸ்ஸா லாரியா, எந்தப் பக்கம் என்று சொல்லிப் பார்க்கிறேன். தனபாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து சரியா தப்பா என்று சொல்லுவாள். முதல் நாள் நிறையத் தப்பு. போகிறவர்கள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

டாக்டர் திரும்பச் சோதித்துவிட்டு, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டாள். இன்று வண்டியை எடுத்தேன். தனபாக்கியம் தானாகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பின்சீட்டில் ஒரு துரும்பும் வைக்கவில்லை.

அடேயப்பா, என் வண்டி இவ்வளவு சத்தம் போடுமா! இடது கதவு ஆடுகிறது, இண்டிகேட்டர் பல்லி போல உச்சுக் கொட்டுகிறது, ஸ்பிரிங் முனகுகிறது. இன்ஜின் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. குழந்தைவேலு ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினேன். அவன் கும்பிட்டான். கதவை அடுத்த வாரம் சரிசெய்து தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பின்னால் ஹாரன். கேட்டது. தனபாக்கியம் என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டேன். தனியார் பஸ். குறுகலான பாலம், எதிரே டிராக்டர். இவனுக்கு இப்போது வழி விட்டால் மூன்று வண்டியும் ஆற்றில்தான். நான் ஒதுங்கவில்லை. அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு ஹாரனையும் கேட்டுக்கொண்டேதான் பாலத்தைத் தாண்டினேன். ரோடு அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக இடது பக்கம் ஒதுங்கி நின்றேன். பஸ் பக்கத்தில் வந்தது. டிரைவர் இடது பக்க ஜன்னலுக்கு எட்டிக் குனிந்து கத்தினான்.

"ஏம்மா, காது கேக்காதா?"

தனபாக்கியத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கண்ணாடியை முழுசாக இறக்கி, தலையை வெளியே நீட்டி, என் தொண்டையில் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"கேக்குதுடா. நல்லாக் கேக்குது."

அவனுக்குக் கேட்டிருக்காது. பஸ் அந்த இரைச்சல் போட்டுக்கொண்டு போனது.